பென் கார்ட்மன் எங்கே போனான்?

‘ஐ ஆம் லெஜண்ட்’ படத்தில் நாய் சாகும் இடத்தில் கண் கலங்காதவர்கள் குறைவு. என்னை ரொம்ப காலமாகக் குடைந்துகொண்டிருப்பது வேறொரு காட்சி. ஒரு நிமிஷம்கூட ஓடாது. ஒரு கொள்ளைநோய் மனிதர்களை இருட்டில் ஒளியும் மிருகங்கள் மாதிரி ஆக்கிவிட்ட நியூயார்க்கில், தனியாகப் பிழைத்து மருந்து தேடிக்கொண்டிருக்கும் ராணுவ மருத்துவர் ராபர்ட் நெவில், அதாவது வில் ஸ்மித், ஒரு பாழடைந்த கட்டடத்தின் வாசலில் கண்ணி வைத்து, நோய் முற்றிய ஒருத்தியைப் பிடிக்கிறார். அவளைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது உள்ளேயிருந்து ஒருவன் பாய்ந்து வந்து வெயிலில் முகத்தை நீட்டி உறுமுகிறான். அவர்களுக்கு வெயில் பட்டால் தோல் பொசுங்கும். பொசுங்கத்தான் செய்கிறது. அப்படியும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறான். வீட்டுக்குத் திரும்பிய நெவில், ஆய்வுக்கூடத்தில் கேமராவைப் பார்த்துக் குறிப்புச் சொல்கிறார்: ஓர் ஆண் இன்று வெயிலுக்கு வந்தான், மூளை மங்கிப்போனதாலோ சாப்பாடு கிடைக்காததாலோ உயிர்பயம்கூட அற்றுப் போயிருக்கலாம், மனித நடத்தை என்று சொல்ல அவர்களிடம் இனி ஒன்றுமில்லை.

போன கோடை விடுமுறையில் அக்கா மகனோடு உட்கார்ந்து இதை மறுபடி பார்த்தேன். ஆறாம் வகுப்பு முடித்த பையன். நெவில் குறிப்புச் சொல்லி முடிப்பதற்குள் என் பக்கம் திரும்பி, “மாமா, இவரு அவன் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு. அவன் பின்னாலயே வராம என்ன செய்வான்? இதுகூடவா டாக்டருக்குப் புரியல?” என்றான். “இரு, பார்க்கலாம்” என்றேன். அதற்கப்புறம் அவன் வில் ஸ்மித்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. வெயிலுக்கு வந்த அந்த மொட்டைத்தலையனுக்கு என்ன ஆகிறது என்பதிலேயே குறியாக இருந்தான். கடைசியில் நெவில் கையெறிகுண்டோடு அந்தக் கூட்டத்தின் மேல் பாய்கிறார், எல்லாம் வெடிக்கிறது, மருந்து மட்டும் பத்திரமாக வெர்மான்ட்டில் பிழைத்திருக்கிறவர்களிடம் போய்ச் சேர்கிறது. “அவ்வளவுதானா?” என்று எழுந்து போய்விட்டான்.

படம் 2007இல் வந்தது. அவன் கேட்ட கேள்விக்கு விடை 1954இல் வெளிவந்த மூல நாவலிலேயே இருக்கிறது. ரிச்சர்ட் மாத்திசன் எழுதியது. அதை மூன்று முறை படமாக எடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: மாத்திசனின் முடிவைச் சினிமா மாற்றிவிட்டது. நாவலைப் படித்தவர்களுக்கு இது பழைய புகார், நானும் மறுக்கவில்லை. ஆனால் வர வர எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. முடிவை மாற்றியதால் படம் கெட்டது என்பதைவிட, அந்த முடிவு வரவே முடியாதபடி முதலிலேயே ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள் என்பதுதான் சரி. பிடுங்கி எறிந்தது ஓர் ஆளை. பெயர் பென் கார்ட்மன்.

“வெளியே வா, நெவில்!”

பதின்ம வயதில் டிராகுலா படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாத்திசனுக்கு ஒன்று தோன்றியதாம். ஒரு ரத்தக்காட்டேரியே இவ்வளவு பயமுறுத்துகிறது என்றால், உலகம் பூராவும் அதுவாகவே ஆகிவிட்டால்? எழுதி முடித்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கதை 1976 ஜனவரியில் தொடங்குகிறது, அன்றைக்கு அது எதிர்காலம். இடம் லாஸ் ஏஞ்சல்ஸில் சிமரான் தெரு. நாவலில் வரும் நெவில் டாக்டர் கிடையாது, ராணுவ அதிகாரியும் கிடையாது. ஆலையில் வேலை பார்த்த மனிதர். ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, பூண்டு மாலை கட்டித் தொங்கவிட்டு, கடைசல் இயந்திரத்தில் மரமுளை சீவி, பகலில் காட்டேரிகள் மயக்கத்தில் கிடக்கும் வீடுகளாகத் தேடிப் போய் நெஞ்சில் அடிக்கிறார். சாயங்காலம் கதவை அடைத்துக்கொண்டு விஸ்கி. காதுக்குப் பிராம்ஸ், பீத்தோவன். வெளியே கேட்கும் சத்தத்தை மறைக்க அது போதவில்லை என்பதுதான் பிரச்சினை.

வெளியே அவர்கள் கூடி நிற்கிறார்கள். கல்லெறிகிறார்கள். பெண்கள் அவர் கண்ணில் படும்படி ஆடையை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் தினமும் கத்துகிறான்: “வெளியே வா, நெவில்!” அவன்தான் பென் கார்ட்மன். பழைய ஊமைப்படக் காலத்துக் குண்டு நடிகர் ஆலிவர் ஹார்டியின் சாயல் அவனுக்கு உண்டு என்று நெவிலே ஓரிடத்தில் நினைத்துக்கொள்கிறார். நோய்க்கு முன்னால் இவன் பக்கத்து வீட்டுக்காரன். ஒரே ஆலை. காலையில் ஒரே காரில் வேலைக்குப் போனவர்கள். பின்கதை வரும் ஓர் அத்தியாயத்தில் கார்ட்மன் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறான், நெவில் மனைவியிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார், வண்டியில் போகிறபோது தூசிப்புயலையும் பரவிக்கொண்டிருக்கும் காய்ச்சலையும் பற்றிப் பேச்சு வருகிறது. சாதாரணமான காலை. இந்த இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி அந்த ராத்திரிக் கத்தலுக்கு வந்தால் வேறு மாதிரி கேட்கிறது. கத்துகிறவனுக்கு இவர் பெயர் தெரிந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை. வருஷக்கணக்காகக் கூப்பிட்ட பெயர்தான்.

நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள்: ராத்திரி யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்காதே, மூன்று தடவை கூப்பிடட்டும். பேய்க்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது என்று நம்பிக்கை. இதில் பயமே அந்தக் குரல் தெரிந்த குரலாக இருக்கும் என்பதில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் கத்தினால் யார் கதவைத் திறக்கப் போகிறார்கள்? மாத்திசனுக்கு நம் பாட்டிகளைத் தெரியாது, ஆனால் இந்த விஷயம் தெரிந்திருக்கிறது. நெவிலின் மனைவி வர்ஜீனியா நோயில் செத்துப் போகிறாள். செத்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று அரசாங்க உத்தரவு. ஊருக்கு வெளியே பெரிய நெருப்புக்குழி வெட்டி, எல்லாப் பிணத்தையும் அதில்தான் போடுகிறார்கள். மகள் கேத்தியை ஏற்கெனவே அந்தக் குழியில் போட்டாகிவிட்டது. மனைவியையும் அப்படிப் போட மனசு வராமல் நெவில் அவளைத் திருட்டுத்தனமாகப் புதைத்துவிட்டு வருகிறார். கொஞ்ச நாளில் ஓர் இரவு வாசலில் சத்தம். கதவைத் திறந்தால் அவள். முதல் வார்த்தையாக அவள் சொல்வது அவர் பெயரைத்தான். “ராப்... ர்ட்.” மாத்திசன் அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. அத்தியாயம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

ஆக, இந்த நாவலில் பூதங்கள் பேசுகின்றன. அதுவும் வேற்றுக்கிரகப் பாஷை எதுவும் இல்லை, பெயர் சொல்லிப் பேசுகின்றன. ஒன்று மனைவி, இன்னொன்று பக்கத்து வீடு.

நூலகமும் பூண்டும்

நாவலின் நடுப்பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது, படங்கள் எதற்கும் அதற்குப் பொறுமை இருந்ததில்லை. நெவில் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து, ஒரு மைக்ராஸ்கோப் தேடி எடுத்து, தனக்குத்தானே ரத்தவியல் கற்றுக்கொள்கிறார். காட்டேரிக் கதைகளில் வரும் ஒவ்வொரு சங்கதியையும் பிடித்து ஏன் என்று கேட்கிறார். நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடிக்கிறார். உடம்புக்குள் காற்றில்லாமல் வாழும் அதற்குக் காற்றுப் பட்டால் குணம் மாறிவிடும். அப்படியென்றால் நெஞ்சில் முளை அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆழமாக ஒரு வெட்டு வெட்டிக் காற்றை உள்ளே விட்டால் போதும். இத்தனை நாள் கடைசலில் சீவியது வீண்வேலை. பூண்டுச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை, வாசனைதான் அவர்களுக்கு ஒவ்வாமை. சிலுவை ஏன் சிலரை விரட்டுகிறது, சிலரை விரட்டுவதில்லை? கார்ட்மன் யூதன். சிலுவையை நீட்டினால் முகத்துக்கு நேரே சிரிக்கிறான். யூதர்களின் வேதமான தோராவைக் காட்டியதும் பின்வாங்குகிறான். பயம் கிருமியிலிருந்து வருவது இல்லை, அவன் முன்பு எதை நம்பினானோ அதிலிருந்து வருகிறது. காட்டேரி ஆன பிறகும் அவனுக்குள் பழைய கார்ட்மன் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடச் சான்று வேண்டுமா? நெவில் அதைக் கிருமியைப் பற்றிய தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்குப் போய்விடுகிறார்.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடிக்கிறார். வெளியே இருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. செத்து எழுந்தவர்கள் ஒரு வகை. கிருமி தொற்றியும் சாகாமல் உயிரோடு இருக்கிறவர்கள் இன்னொரு வகை. பகலில் இருவரும் ஒரே மாதிரி மயங்கிக் கிடப்பார்கள். அவர் முளையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. இதை மாத்திசன் ரொம்பச் சாதாரணமாக, ஒரு தொழில்நுட்ப விவரம் மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் வாசிப்பில் யாரும் இந்த இடத்தில் நிற்பதில்லை.

கார்ட்மன் விஷயத்துக்கு வருகிறேன். நாட்கள் போகப் போக, அவன் பகலில் எங்கே ஒளிந்துகொள்கிறான் என்று தேடுவது நெவிலுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிடுகிறது. தெருவில் ஒவ்வொரு வீடாகத் துழாவுகிறார். கிடைப்பதில்லை. கிடைத்தால் கொன்றுவிடுவார், சந்தேகமில்லை. ஆனால் கிடைக்காத வரைக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. அவர் பெயரைக் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் இல்லை.

கறுப்பு உடுப்புக்காரர்கள் வந்த இரவு

ரூத் என்று ஒருத்தி வருகிறாள், பகலில் நடமாடுகிறாள், நெவிலுக்குச் சந்தேகமும் ஆசையும் சேர்ந்து வருகிறது. அவள் உளவு பார்க்க வந்தவள். நோய் தொற்றியும் சாகாதவர்கள் மாத்திரை ஒன்றைக் கண்டுபிடித்து, கிருமியை அடக்கிவைத்துக்கொண்டு ஒரு புதிய சமூகம் அமைத்துவிட்டார்கள். அவள் கணவனும் அந்த ஆட்களில் ஒருவன். அவனைக் கொன்றது நெவில், ஒரு பகல் பொழுதில், மற்றவர்களைக் கொன்ற மாதிரியே. இதையெல்லாம் கடிதத்தில் எழுதிவைத்துவிட்டு, மலைப்பக்கம் ஓடிப்போய்விடு, இவர்கள் உன்னைத் தேடி வருவார்கள் என்று எச்சரித்துவிட்டு அவள் போய்விடுகிறாள். நெவில் போகவில்லை.

நாவலின் கடைசி வரியான ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு நாவல் திரும்பும் இடம் அதற்குக் கொஞ்சம் முன்னால். ஓர் இரவு வழக்கம்போலக் காட்டேரிகள் வாசலில் நிற்கின்றன. திடீரென்று கார்கள் உறுமிக்கொண்டு தெருவுக்குள் வருகின்றன. கறுப்பு உடுப்புப் போட்ட ஆட்கள் இறங்குகிறார்கள். கையில் துப்பாக்கி, ஈட்டி. தெருவெல்லாம் தேடுவிளக்கு வெளிச்சம். நெவில் கதவிலிருக்கும் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் காட்டேரிகளைப் பிடித்து, கையை இரண்டு பக்கமும் இறுக்கிவைத்துக்கொண்டு ஈட்டியால் குத்துகிறார்கள். அலறல். இத்தனை வருஷம் அவரே செய்த வேலைதான். இதைவிட அமைதியாகச் செய்தார், பகலில், அவர்கள் தூங்கும்போது. இப்போது வேறொருவர் செய்வதைப் பார்த்ததும் வயிற்றைப் பிரட்டுகிறது. இப்படித்தான் செய்யவேண்டுமா என்று கத்தவேண்டும் போலிருக்கிறது அவருக்கு.

அப்புறம் எதிர்வரிசை வீட்டுக் கூரையில் ஓர் உருவம். கார்ட்மன். வெளிச்சம் அவன்மேல் விழுகிறது. இத்தனை நாள் தேடியும் கிடைக்காத ஒளிவிடம் எதுவென்று அப்போதுதான் நெவிலுக்குத் தெரிகிறது: ஒரு வீட்டின் புகைபோக்கி. அந்தக் குண்டு உடம்பு கூரையில் ஊர்ந்து மேலே போகப் பார்க்கிறது. கீழேயிருந்து சுடுகிறார்கள். நெவில் தன்னையறியாமல் கார்ட்மன் பக்கம் நிற்கிறார். அவன் சாகக் கூடாது, இப்படிச் சாகக் கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது. தன்னை வருஷக்கணக்கில் கொல்லக் காத்திருந்தவன்மேல் இந்த ஒழுங்கான, சீருடை போட்ட, பகுத்தறிவுள்ள ஆட்களைவிட அதிக ஒட்டுதல் தனக்கு இருப்பதை அவர் அந்த நிமிஷம் உணர்கிறார். குண்டு பாய்ந்து கார்ட்மன் விழுகிறான்.

இந்தக் காட்சியில் மாத்திசன் செய்திருப்பதைக் கவனித்தால் கடைசி அத்தியாயத்துக்குத் தேவையான எல்லாம் இங்கேயே முடிந்துவிடுகிறது. கொலைகாரன் கதவுத் துளை வழியாகக் கொலையைப் பார்க்கிறான். கொல்லப்படுகிறவனின் பெயர் அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் சூத்திரம். இதற்குப் பிறகு நெவிலைக் காயத்தோடு பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் வைக்கிறார்கள். ரூத் வந்து வலி தெரியாமல் சாக மாத்திரை தருகிறாள். கொல்லும்போது உங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்தாயா, அதில் சந்தோஷம் இருந்தது என்று அவர் அவளிடம் சொல்கிறார். பிறகு ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்க்கிறார். அவர்கள் அவரைப் பார்க்கும் பார்வையில் நடுக்கம் இருக்கிறது. பகலில் வந்து தூங்குகிறவர்களைக் கொன்றுவிட்டுப் போகும், கண்ணால் யாரும் பார்த்திராத, பிணத்தை மட்டும் விட்டுச்செல்லும் ஒன்று. புது உலகத்துக் குழந்தைகளுக்கு ராத்திரிக் கதையாகச் சொல்லப்போகும் பூதம் இனி இவர்தான். இந்த இடம் நம்மைக் குத்துவதற்குக் காரணம், நாம் ஏற்கெனவே கார்ட்மன் சாவதைப் பார்த்துவிட்டோம் என்பதே. இல்லாவிட்டால் அது வெறும் கெட்டிக்காரத்தனமான கடைசித் திருப்பமாக நின்றிருக்கும்.

சினிமாவுக்குப் போன பிறகு

1957இல் இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனத்துக்காக மாத்திசனே திரைக்கதை எழுதினார். தணிக்கைக்காரர்கள் ஒத்துக்கொள்ளாததால் எடுக்கப்படவில்லை. அது கைமாறிப் போய், 1964இல் ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ என்று கறுப்பு வெள்ளையில் வந்தது. ரோமில் எடுத்தார்கள். நாயகன் வின்சென்ட் பிரைஸ். திரைக்கதையில் மற்றவர்கள் கைவைத்தது பிடிக்காமல் மாத்திசன் தன் பெயருக்குப் பதிலாக லோகன் ஸ்வான்சன் என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். அவருக்குப் பிரைஸும் பொருத்தமாகப் படவில்லை. இருந்தாலும் மூன்றில் நாவலுக்கு நெருக்கமானது இந்த ஏழைப் படம்தான். நாயகனின் பெயரை மார்கன் என்று மாற்றியிருக்கிறார்கள், ஆனால் கார்ட்மன் இருக்கிறான், பெயரோடு இருக்கிறான், “மார்கன், வெளியே வா!” என்று ராத்திரி கத்துகிறான். நெருப்புக்குழி இருக்கிறது. கறுப்பு உடுப்புக்காரர்கள் வந்து காட்டேரிகளைக் கொல்வதும் உண்டு. ஆனால் அதற்குள் மார்கன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுகிறார். நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை, நமக்கும் இல்லை. தேவாலயத்தில் ஈட்டி பாய்ந்து சாகும்போதுகூட, நீங்களெல்லாம் கோணல் பிறவிகள், நான்தான் கடைசி மனிதன் என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறார். இறுதி மூச்சில் மட்டும், என்னைப் பார்த்து இவர்கள் பயந்தார்களே என்று ஒரு வியப்பு. பாதி தூரம் வந்துவிட்ட படம்.

1971இல் வந்த ‘தி ஒமேகா மேன்’ என் வாதத்துக்கு இடைஞ்சல், அதனால் அதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. சார்ல்டன் ஹெஸ்டன் நடித்தது. இதில் எதிராளிகள் நன்றாகவே பேசுகிறார்கள். தினமும் நெவில், நெவில் என்று கூப்பிடவும் செய்கிறார்கள். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, இயந்திரங்களையும் புத்தகங்களையும் கொளுத்தும் ஒரு கூட்டம், பெயர் ‘குடும்பம்’. தலைவன் மத்தியாஸ் முன்பு டிவியில் செய்தி வாசித்தவன். அப்படியிருந்தும் நெவில் அவர்களைக் கொல்லும்போது நமக்கு ஒன்றும் செய்வதில்லை. குரல் இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிறகு எது இல்லை? மத்தியாஸ் பேசுவதெல்லாம் பிரசங்கம். அவனுக்குக் கொள்கை இருக்கிறது, பக்கத்து வீடு இல்லை. அவனோடு யாரும் காரில் வேலைக்குப் போயிருக்க முடியாது. கடைசியில் ஹெஸ்டன் நீரூற்றில் கையை விரித்துக்கொண்டு, இரட்சகர் மாதிரி சாகிறார். அவருடைய ரத்தம்தான் மருந்து. பூதமாக முடிய வேண்டியவரை ஏசுவாக்கிவிட்டார்கள். 2007 படமும் முக்கால்வாசி இந்த வழியில்தான் போகிறது.

நடுவில் 1968 இருக்கிறது. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. மாத்திசனின் நாவலிலிருந்து எடுத்துக்கொண்டேன் என்று ரொமேரோ ஒளிக்காமல் சொன்னவர். பலகை அடித்த வீடு, சுற்றி நிற்கும் செத்தவர்கள், உள்ளே மாட்டிக்கொண்ட மனிதர்கள், எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். ஒன்றை மட்டும் அவர் விட்டுவிட்டார்: பேச்சு. அவருடைய பிணங்கள் வாயே திறப்பதில்லை. அந்தப் படத்துக்கு அது சரியாகவே பொருந்தியது, அது மனிதர்கள் ஒருவரையொருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்ற படம். ஆனால் அதற்குப் பிறகு உலகம் முழுக்க வந்த ஸோம்பிகள் எல்லாம் அந்த ஊமைக் கூட்டத்தின் வாரிசுகள். தலையில் சுட்டால் போதும், பெயர் கேட்கத் தேவையில்லை. எத்தனை பேரை வேண்டுமானாலும் கொல்லலாம், பார்க்கிறவனுக்கு உறுத்தாது. வீடியோ கேம்களுக்கு இதைவிட வசதி எது?

2007 படம் மாத்திசனின் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்த வாரிசுகளிடமிருந்து எடுத்தது. முதல் ஒரு மணி நேரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புல் முளைத்த நியூயார்க் தெருக்களில் மான்கூட்டத்தைக் காரில் துரத்துவது, வீடியோ கடையில் பொம்மைகளை நிறுத்திவைத்து அவற்றோடு பேசுவது, நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே பாடுவது, இதெல்லாம் தனிமையை எந்தப் படமும் காட்டாத அளவு நன்றாகக் காட்டுகிறது. ஆனால் இருட்டில் இருக்கிறவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்த தாடைகள். எல்லோருக்கும் ஒரே மொட்டை, ஒரே உறுமல். பேச்சு கிடையாது, பெயர் கிடையாது. நெவிலுக்கு அவர்களில் ஒருவரையும் முன்பின் தெரியாது. இப்படி ஆரம்பித்த பிறகு, வெயிலுக்கு வந்தவனை வைத்து என்ன செய்துவிட முடியும்? திரைக்கதையில் அவன் தங்கிவிட்டான், ஆனால் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் இல்லை.

சரி, டிவிடியில் வந்த அந்த இன்னொரு முடிவு? அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். முதலில் எடுத்தது அதுதான், திரையரங்குக்குப் போனது மாற்றி எடுத்தது. அதில் அந்த ஆண் கண்ணாடிச் சுவரில் ஒரு பட்டாம்பூச்சியை வரைந்து காட்டுகிறான். பரிசோதனை மேசையில் கிடக்கும் பெண்ணின் தோளில் பட்டாம்பூச்சிப் பச்சை குத்தியிருப்பதை நெவில் அப்போதுதான் பார்க்கிறார். கதவைத் திறந்து அவளை ஒப்படைக்கிறார். மன்னிப்புக் கேட்கிறார். சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் புகைப்படங்களை, தன் பரிசோதனையில் செத்தவர்களை, நிமிர்ந்து பார்க்கிறார். நல்ல காட்சி. திரையரங்கில் பார்த்ததைவிட நூறு மடங்கு மேல். ஆனால் பாருங்கள், அவன் தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான், பழிவாங்கவில்லை. நெவில் புத்தி வந்தவராக, உயிரோடு, காரில் ஏறிக் கிளம்புகிறார். புகைப்படத்தில் இருக்கிறவர்களுக்காக யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. நாவலில் அந்தக் கணக்கைக் கேட்கத்தான் மொத்த ஊரும் ஜன்னலுக்கு வெளியே நின்றது. தவிர, அந்தப் பட்டாம்பூச்சி படம் முழுக்க ஓர் அடையாளமாக வந்துகொண்டிருந்த ஒன்று. ஒரு மனிதனை அடையாளம் காண அடையாளச் சின்னம் தேவைப்படுகிறது என்றால், அதற்கு முன்னால் அவனை யாரும் ஆளாகவே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கார்ட்மனுக்கு எந்தச் சின்னமும் வேண்டியிருக்கவில்லை.

நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு நாயகனைப் பூதமாக்க முடியாது, பணம் போட்டவர்கள் விடமாட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. கொஞ்சம் உண்மை. ஆனால் நட்சத்திரங்கள் கொலைகாரர்களாக நடித்துக் காசு பார்த்த படங்கள் ஹாலிவுட்டில் எத்தனையோ. பார்வையாளர்களுக்கு அது கசக்கவில்லை. கசப்பது, தான் ஒன்றரை மணி நேரம் கைதட்டிக் கொல்லவைத்தவர்களுக்கு ஒரு தெரு முகவரி இருந்தது என்று கடைசியில் தெரியவருவது. அதைத் தாங்க வேண்டுமென்றால் முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்க வேண்டும். மாத்திசன் கொடுத்தார். ஹாரன் சத்தம், தோரா, புகைபோக்கி, எல்லாம் அதற்குத்தான்.

2023இல் திரைக்கதையாளர் அகிவா கோல்ட்ஸ்மன், அடுத்த பாகம் அந்த டிவிடி முடிவிலிருந்து தொடரும், மாத்திசனின் நாவலுக்குத் திரும்பிப் போகும் என்று சொன்னார். வில் ஸ்மித்தோடு மைக்கேல் பி. ஜோர்டனும் நடிப்பதாக ஏற்பாடு. நெவில் உயிரோடு இருக்கும் முடிவிலிருந்து அவர் சாக வேண்டிய நாவலுக்கு எப்படித் திரும்புவார்களோ, அது அவர்கள் பாடு. பார்க்கத்தான் போகிறேன். என் யோசனை ஒன்றே ஒன்றுதான். இருட்டில் இருக்கிறவர்களில் ஒருவனுக்காவது கம்ப்யூட்டர் தாடை வேண்டாம். வயிறு பெருத்த, நாற்பது வயது தாண்டிய ஒரு காமெடி நடிகரைப் பிடியுங்கள். பழைய ஆலைச் சட்டை ஒன்றைப் போட்டு நெவில் வீட்டு எதிரே நிறுத்துங்கள். வசனம் மூன்றே வார்த்தை, அதில் ஒன்று நெவிலின் பெயர். சம்பளம்கூட அந்த கிராபிக்ஸ் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.